குளத்து நீச்சலும் கடற்பலகையும்: அலைச்சறுக்கின் கைத்துழாவல் குறித்து

அலைச்சறுக்கைக் கரையிலிருந்து பார்ப்பவர் கண்ணில் படுவது, பலகைமேல் எழுந்து நின்று பாயும் சில நொடிகள்தான். அந்த நொடிகளுக்கு முன்னும் பின்னும் சர்ஃபர் குப்புறப் படுத்தபடி இரு கைகளாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டே இருக்கிறார். போட்டி வீரர்கள் களத்தில் செலவிடும் நேரத்தைக் கணக்கெடுத்து 2006-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி ஏறத்தாழ 51 விழுக்காடு நேரம் கைத்துழாவலில் போனது. 42 விழுக்காடு காத்திருப்பில் போனது. அலைமேல் சறுக்கிய நேரம் 4 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. பின்னால் வந்த கணக்குகளில் சறுக்கும் நேரம் சற்றுக் கூடினாலும், பெரும்பங்கு கைகளுக்கே என்பது மாறவில்லை. பேடிலிங் என்று கரையில் எல்லோரும் சொல்லும் கைத்துழாவல்தான் இந்த விளையாட்டின் உடல். சறுக்கல் அதன் பலன்.

இவ்வளவு பெரிய பங்கு வகிக்கும் ஒரு திறனுக்குச் சொந்தமான பாடமுறை மிக மெதுவாகத்தான் உருவாகிவருகிறது. உலகெங்கும் இன்று கற்றுத்தரப்படுவதில் பெரும்பகுதி, நீச்சல் குளத்தின் ஃப்ரீஸ்டைல் பயிற்சியிலிருந்து வந்தது. கையை முன்னால் நீட்டு, முழங்கையை உயர்த்தி வை, முன்கையால் தண்ணீரைப் பற்று, உடலை உருட்டு, வேகத்தைக் கூட்டு என்று போகும் அந்தப் பாடம். அதில் உண்மை இருக்கிறது, பயனும் இருக்கிறது. ஆனால் நீச்சலடிப்பவர் தண்ணீருக்குள் இருக்கிறார், சர்ஃபர் ஒரு பலகைமேல் இருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டை முழுவதும் கணக்கில் எடுத்தால், கடன் வாங்கிய பாடத்தில் ஒரு பாதி பொன்னாகவும் மறு பாதி தோளுக்கும் முதுகுக்கும் கேடாகவும் தெரியும்.

இந்தப் பிரிப்பு இப்போது நமக்கும் தேவைப்படுகிறது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. ஆடவர் பிரிவில் இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகை எடுத்துக் கடலில் இறங்கும் இளைஞர்கள் கூடிவருகிறார்கள். அவர்களில் பலர் முதல் அலையைப் பிடிப்பதற்குள் தோள் ஓய்ந்து கரை திரும்புகிறார்கள். அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது சிறிய கேள்வி இல்லை.

கடன் வந்த வழி

நீச்சலும் பலகைத் துழாவலும் தொடக்கத்தில் ஒரே மனிதர்களின் கலைகளாக இருந்தன. ஹவாயின் டியூக் கஹானமோகு 1912-ல் ஸ்டாக்ஹோமிலும் 1920-ல் ஆன்ட்வெர்ப்பிலும் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அவரே 1914-15 கோடையில் சிட்னியின் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் பலகைச் சறுக்கலைச் செய்துகாட்டி, ஆஸ்திரேலியாவில் அது வேரூன்றக் காரணமானார். அவரால் ஈர்க்கப்பட்ட டாம் பிளேக்கும் நீச்சல் வீரர்தான். உள்ளே குடைவான பலகையை வடிவமைத்து, 1930-களில் பலகைத் துழாவல் பந்தயத்தை ஒரு தனி விளையாட்டாகவே வளர்த்தவர் அவர். குளத்தில் வென்ற கை கடலிலும் வெல்லும் என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்துப் பிறந்தது. அதில் தவறும் இல்லை.

பின்னால் வந்த கடன்தான் சிக்கலானது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக நீச்சல் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன், நீருக்கடியில் எடுத்த படங்களைக் கொண்டு வீரர்களின் கை நேராக இழுபடுவதில்லை, வளைந்து வளைந்து செல்கிறது என்று கண்டார். விமான இறக்கையைத் தூக்கும் ஏற்றவிசை போன்ற ஒன்றே நீச்சலையும் முன்னே தள்ளுகிறது என்று விளக்கினார். அவரிடம் பயின்ற மார்க் ஸ்பிட்ஸ் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 7 தங்கம் வென்றதும் அந்த வளைவு இழுப்பு வேதவாக்கானது. அது பலகைக்கும் வந்து சேர்ந்தது. கையைப் பலகைக்கு அடியில் உள்ளே கொண்டுபோய், பிறகு வெளியே தள்ளி, பாம்பு போல் இழு என்று சர்ஃபர்களுக்கு நெடுங்காலம் சொல்லப்பட்டது.

நீச்சல் உலகம் அதற்குப் பிறகு தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. 1990-களிலேயே ஏற்றவிசை விளக்கத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. கையின் பரப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது எழும் எதிர்ப்பே முதன்மையான உந்து என்று பலர் வாதிட்டனர். 2012-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரஜத் மிட்டல் குழு கணினி வழியே நீரோட்டத்தைக் கணக்கிட்டு இரு பாணிகளை ஒப்பிட்டது. கையைப் பக்கவாட்டில் அலைக்கழிக்கும் பாணியைவிட, ஆழமாகப் பற்றிப் பின்னால் இழுக்கும் பாணி அதிக உந்து தருவதாக அது காட்டியது. கொடுத்தவர் கணக்கைத் திருத்திய பின்னும், வாங்கியவர் பழைய கணக்கையே வைத்திருப்பதுதான் கடன் வாங்கிய பாடத்தின் முதல் குறை. வளைவு இழுப்பைப் போதிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலகையில் அதற்குத் தனி விலையும் உண்டு. கை பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு முறையும் பலகையின் மூக்கு அங்குமிங்கும் ஆடுகிறது. நேரே போக வேண்டிய ஆற்றல் அந்த ஆட்டத்தில் கரைகிறது.

கடனின் பலன்

குளத்திலிருந்து வந்தவற்றில் விலைமதிப்பற்றது தண்ணீரைப் பற்றும் பாடம். புதிதாகப் பலகை ஏறியவர் உள்ளங்கையால் நீரின் மேற்பரப்பை அறைகிறார், கை நுழையும்போதே காற்றுக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறார், நுரையைத் தள்ளுகிறார். நுரைக்கு எடை இல்லை, அதனால் பலகை நகர்வதில்லை. தேர்ந்தவர் விரல் நுனியை முதலில் அமைதியாக நுழைத்து, கை முழுவதும் தெளிந்த நீருக்குள் இறங்கிய பிறகே பலத்தைக் கொடுக்கிறார். ஏணிப் படியைப் பிடித்து உடலை மேலே இழுப்பது போல, கை நின்ற இடத்தை நோக்கி உடலை நகர்த்துவதே நல்ல இழுப்பு.

இதன் இயற்பியல் எளிது. ஒரே அளவு உந்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு: கொஞ்சம் தண்ணீரை மிக வேகமாகத் தள்ளலாம், அல்லது நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளலாம். உந்தம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது, செலவாகும் ஆற்றலோ வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. ஆகவே நிறைய நீரை மெதுவாகத் தள்ளுபவருக்குச் செலவு குறைவு. உள்ளங்கையோடு முன்கையையும் துடுப்பாக்கினால் தள்ளும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. மணிக்கட்டை உறுதியாக வைத்து, முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே தகடாக நிறுத்தும் நீச்சல் பாடம் அதனால்தான் பலகையிலும் செல்லுபடியாகிறது. விரல்களை இறுக்கி ஒட்டவைக்கத் தேவையில்லை என்பதும் நீச்சல் ஆய்வுகளின் கொடை. விரல்களுக்கிடையே சிறிய இடைவெளி இருந்தால் நீர் அதன் வழியே எளிதில் நழுவுவதில்லை. எதிர்ப்பு சிறிது கூடவே செய்கிறது. தளர்ந்த கை சோர்வதும் குறைவு.

நீண்ட இழுப்பு என்னும் பாடமும் அப்படியே. அவசர அவசரமாகச் சிறு சிறு வீச்சுகளாகத் துழாவுபவர் ஒவ்வொரு முறையும் பற்றும் கட்டத்தைத் தவறவிடுகிறார். நீரின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிப்படி கூடுகிறது. வேகத்தைப் 10 விழுக்காடு உயர்த்த, திறனை ஏறத்தாழ 33 விழுக்காடு உயர்த்த வேண்டும். கைவீச்சின் எண்ணிக்கையைக் கூட்டி மட்டும் இந்தக் கணக்கைச் சமாளிக்க முடியாது. தடையைக் குறைப்பதும் ஒவ்வொரு வீச்சையும் முழுமையாக்குவதுமே மலிவான வழி. கரையிலிருந்து அலை உடையும் இடம் தாண்டிச் செல்லும் நீண்ட துழாவலில் இந்தப் பொறுமை ஒருவரின் காலைப்பொழுதையே காப்பாற்றும்.

பலகை மறுக்கும் பாடங்கள்

இனி மறுபக்கம். ஃப்ரீஸ்டைல் வீரரின் தோள்கள் ஒவ்வொரு கைவீச்சிலும் 40 முதல் 60 பாகை வரை பக்கம் மாறி உருளுகின்றன. கையை நீண்ட தூரம் நீட்டவும், முதுகின் பெரிய தசைகளைப் பயன்படுத்தவும், நீரை விட்டு வெளிவந்த கையைச் சிரமமின்றி முன்னே கொண்டுவரவும் அந்த உருளலே உதவுகிறது. பலகைமேல் படுத்தவர் அப்படி உருண்டால் பலகையின் ஒரு விளிம்பு நீரில் அமிழும், மறு விளிம்பு எழும், திசை மாறும். ஒடுங்கிய குட்டைப் பலகையில் மார்புக்கூட்டின் மேற்பகுதியை மட்டும் சிறிது திருப்பலாம். தேர்ந்த வீரர்கள் அதைச் செய்கிறார்கள். 57 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட பலகையில், அதுவும் தொடக்கநிலையில், அது நடக்காது.

இங்கேதான் கடனின் பெரிய ஆபத்து இருக்கிறது. நீச்சல் பயிற்சியாளர்கள் வலியுறுத்தும் உயர்ந்த முழங்கை, அதாவது கை நீருக்குள் சென்றதும் முழங்கையை மேலேயே நிறுத்தி முன்கையை மட்டும் செங்குத்தாக இறக்குவது, தோளை உட்புறமாகத் திருகுகிறது. உயர்த்திய கை உட்புறம் திருகும்போது, தோள் மூட்டின் மேலே ஓடும் தசைநாண் எலும்பு முனைக்கு அடியில் நசுங்குகிறது. நீச்சல் வீரர்களிடம் இந்த வலி எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 1974-லேயே கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் எலும்பு மருத்துவர்கள் அதற்கு நீச்சல்காரர் தோள் என்றே பெயர் வைத்தார்கள். உருள முடிந்த நீச்சல்காரருக்கே இந்த நிலை. உடல் உருளும்போது தோளின் திருகல் ஓரளவு தணிகிறது. பலகைமேல் அந்தத் தணிப்பு இல்லை. போதாததற்குப் பலகையின் அகலம் கைகளை வெளியே தள்ளுகிறது. தூக்கிய மார்பு தோள்பட்டை எலும்பின் கோணத்தையும் மாற்றுகிறது. முழங்கையைக் கடன் வாங்கினோம், அதைக் காக்கும் உருளலை வாங்க முடியவில்லை. தோள் வலியோடு அலைச்சறுக்கைக் கைவிடும் பலரை உடல் வலுவில்லாதவர் என்று ஒதுக்குவது அநீதி. பொருந்தாத பாடத்தை அவர்கள் உடல் ஏற்க மறுத்திருக்கலாம்.

முழங்கை மடங்குவதே தவறென்று இதற்குப் பொருளில்லை. முற்றிலும் நேரான கையும் தோளுக்குச் சுமைதான். இழுப்பின் நெம்புகோல் நீண்டுவிடும். மிதமான மடிப்பு போதும். கை உடலின் நடுக்கோட்டைத் தாண்டாமல், பலகையின் விளிம்பை ஒட்டி, தோளுக்கு நேராக நுழையட்டும். கட்டைவிரல் முதலில் நுழையும் பழக்கம் தோளை இன்னும் உள்ளே திருகுவதால், விரல் நுனிகள் ஒரே நேரத்தில், உள்ளங்கை கீழ்நோக்கியபடி நுழையட்டும். இழுப்பு இடுப்பருகே முடிந்ததும் கை தளர்வாக வெளிவந்து, சற்று அகலமாகவே சுழன்று முன்னே வரட்டும். குளத்துப் பயிற்சியாளர் கண்ணுக்கு அது அழகாகத் தெரியாது. பலகைக்கு அதுவே சரி.

முதுகைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளத்தில் முகம் நீருக்குள் இருக்கும். கடலில் வரும் அலையைப் பார்க்கத் தலை நிமிர்ந்தே ஆக வேண்டும். அதனால் மார்பைத் தூக்கு என்பது எல்லா சர்ஃபிங் பள்ளியிலும் ஒலிக்கும் கட்டளை. தூக்கிய மார்பு கைகளுக்கு இடம் தருகிறது, எடையைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. ஆனால் புதியவர் பலர் நடுமுதுகை வளைக்கத் தெரியாமல் இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் முறித்து வளைகிறார்கள். 2004-ல் ஹவாய் மருத்துவர்கள் ஒரு நோயைப் பதிவு செய்தார்கள். முதன்முறை பலகை ஏறியவர்கள், விழுந்து அடிபடாமலேயே, நெடுநேரம் முதுகை வளைத்துப் படுத்திருந்த பிறகு கால்கள் செயலிழந்து வந்தார்கள். தண்டுவடத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபடுவதே காரணம் என்று கருதப்படுகிறது. மிக அரிய நோய்தான். ஆனால் அதன் இலக்கு பெரும்பாலும் முதல்நாள் மாணவர்கள். முதுகிலோ காலிலோ வலியும் மரப்பும் தோன்றினால் அப்போதே கரையேறி மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்லாத முதல் வகுப்பு முழுமையான வகுப்பு ஆகாது. இடையிடையே பலகைமேல் எழுந்து உட்காரச் சொல்வதற்குச் செலவே இல்லை.

வேகம் என்னும் அளவுகோல்

குளத்தில் வெற்றியை அளப்பது கடிகாரம். அந்த அளவுகோலும் பலகைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அலையின் வேகத்துக்கு ஈடாகத் துழாவு, அப்போதுதான் அலை கிடைக்கும் என்பது எங்கும் கேட்கும் அறிவுரை. கணக்கிட்டுப் பார்த்தால் இது நடக்கக்கூடியதே இல்லை.

கரையை நெருங்கும் அலையின் வேகம் நீரின் ஆழத்தைப் பொறுத்தது. ஒரு மீட்டர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது. அங்கே அதன் வேகம் நொடிக்கு 3.5 மீட்டர் அளவில் இருக்கும். பலகைமேல் கையால் துழாவும் தேர்ந்த வீரரின் உச்ச வேகமோ நொடிக்கு 2 மீட்டரை ஒட்டியே நிற்கிறது. உலகின் அதிவேக நீச்சல் வீரர்கள் 50 மீட்டரைக் கடக்கும் சராசரி வேகமே நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர்தான். சிறிய அலையைக்கூட வெறும் கைவேகத்தால் யாரும் எட்டிப் பிடிப்பதில்லை. மீதியை ஈர்ப்பு தருகிறது. அலை எழுந்து அதன் முகம் 20 பாகை சாய்ந்தாலே, 75 கிலோ எடையைச் சரிவில் கீழே தள்ளும் விசை 250 நியூட்டன் ஆகிறது. நீரைத் துழாவும் கைகள் தொடர்ந்து தர இயலாத தள்ளு அது. கைவேகத்தின் வேலை, பலகையை அந்தச் சரிவுக்குள் முன்கூட்டியே, சரியான கோணத்தில் நுழையவைப்பதுதான். ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் பலகை, அலை செங்குத்தாகி உடைவதற்கு முன்பே சறுக்கத் தொடங்குகிறது. நின்ற இடத்தில் கிடக்கும் பலகையை அலை கடந்து போகிறது, அல்லது தூக்கி வீசுகிறது.

ஆகவே தேவைப்படுவது நெடுநேரம் தாங்கும் உச்ச வேகம் இல்லை. சரியான இடத்திலிருந்து எடுக்கும் நாலைந்து முழுமையான இழுப்புகள். கடைசி இரண்டு இழுப்புகளில் தாடையைத் தாழ்த்தி எடையைச் சற்று முன்னே கொடுப்பதால் கிடைக்கும் பலன், குளத்தில் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்க்கும் வேகத்தைவிடப் பல நேரம் பெரிது.

பலகையின் நீளமும் ஒரு வரம்பை வைக்கிறது. நீரைப் பிளந்து செல்லும் எந்த ஓடமும் தான் எழுப்பும் அலையிலேயே சிக்கிக்கொள்ளும் வேகம் ஒன்று உண்டு. அது நீளத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. தோராயமாக 6 அடிப் பலகைக்கு அது நொடிக்கு 1.7 மீட்டர், 9 அடிப் பலகைக்கு 2.1 மீட்டர். அதைத் தாண்ட ஆற்றல் மிக மிக அதிகமாக வேண்டும். குட்டைப் பலகையில் திணறும் ஒருவருக்கு நுணுக்கம் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, இன்னும் 2 அடி நீளமான பலகையைக் கொடுப்பது நேர்மையான உதவி. பலகையின் கொள்ளளவு கூடினால் அதே வேகத்தில் துழாவ உடல் செலவிடும் ஆற்றல் குறைகிறது என்று கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் காட்டியுள்ளார்கள். நுணுக்கம் சொல்லித்தரும் பாடங்கள் பலகைத் தேர்வைப் பற்றி மௌனம் காப்பது அவற்றின் பெரும் குறை.

பெரிய அலைகளின் வரலாறும் இதற்குச் சான்று. 1990-களின் தொடக்கத்தில் லேர்ட் ஹாமில்டனும் தோழர்களும் மோட்டார் படகையும் பிறகு ஜெட் ஸ்கீயையும் கொண்டு தங்களை இழுத்துவிடச் சொல்லிப் பேரலைகளுக்குள் நுழைந்தார்கள். அந்த அலைகளின் வேகத்துக்கு முன் கைகள் போதவில்லை. அடுத்த தலைமுறை ஹவாயின் ஜாஸ் போன்ற இடங்களில் மீண்டும் கையால் துழாவி நுழையத் தொடங்கியபோது, 10 அடி அளவிலான தடித்த பலகைகளும், காற்று நிரப்பிக் காக்கும் மேலங்கிகளும், அலை எங்கே முதலில் எழும் என்ற நுட்பமான அறிவும் சேர்ந்தே அதைச் சாத்தியமாக்கின. கைவீச்சின் அழகு மட்டும் அவர்களை அங்கே கொண்டுபோகவில்லை.

நெருங்கிய உறவு வேறிடத்தில்

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், குளத்தைவிட நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: குப்புறப் படுத்தோ மண்டியிட்டோ நெடுந்தொலைவு துழாவும் பலகைப் பந்தயம். கலிபோர்னியாவில் கேட்டலினா தீவிலிருந்து மன்ஹாட்டன் கடற்கரை வரையிலான 32 மைல் பந்தயம் 1955-ல் தொடங்கியது. முதல் பந்தயத்தை டாமி ஸான் வென்றார். ஹவாயில் மோலோக்காய் தீவிலிருந்து ஒவாஹு தீவுக்குக் கால்வாயைக் கடக்கும் பந்தயத்தை ஆஸ்திரேலியர் ஜேமி மிட்சல் தொடர்ந்து 10 முறை வென்றிருக்கிறார். அவர்களின் முதல் கவலை பலகை எப்படி மிதக்கிறது என்பது. மூக்கு நீருக்குச் சற்று மேலே நிற்கிறதா, வால் அமிழ்கிறதா, பின்னாலிருந்து வரும் சிறு அலை தரும் தள்ளை வீணாக்காமல் அடுத்த இழுப்பை எப்போது வைப்பது என்றே அவர்கள் சிந்திக்கிறார்கள். தொடக்கநிலை சர்ஃபரின் பெரும் பிழை எதுவென்று கேட்டால், பின்னால் தள்ளிப் படுப்பது என்பேன். மூக்கு வானம் பார்க்க, வால் நீரை உழுதுகொண்டே போகிறது. இதைத் திருத்தக் கையைத் தொடவே வேண்டாம். உடலை ஒரு சாண் முன்னே நகர்த்தினால் போதும்.

வலிமையின் இடத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நுணுக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்கள் தசையை மறந்துவிடுகிறார்கள். உடல் எடையோடு ஒப்பிட்ட இழுவலிமை கூடியவர்கள் பலகையில் வேகமாகப் பாய்கிறார்கள் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியுள்ளன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், 5 வாரம் எடை கூட்டிய புல்-அப், டிப் பயிற்சிகள் செய்தவர்களின் துழாவல் வேகம் கூடியது. தொடக்கத்தில் வலிமை குறைந்திருந்தவர்களே அதிகம் பலன் பெற்றார்கள். கடலுக்குத் தொலைவில், வாரத்தில் ஒருநாள் மட்டும் அலை காணும் நகரவாசிக்கு இது நல்ல செய்தி. வீட்டு வாசலில் ஒரு கம்பி இருந்தால் பாதிப் பயிற்சி நடந்துவிடும். ஆனால் தோளை வெளிப்புறம் திருப்பும் சிறு தசைகளையும், தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கும் தசைகளையும் சேர்த்தே வலுப்படுத்த வேண்டும். இழுக்கும் தசை மட்டும் வளர்ந்தால் மூட்டு முன்பக்கம் சாய்ந்து, முன்னே சொன்ன நசுக்கலுக்கே வழி விடும்.

வகுப்பறையின் குறை

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் விமரிசனத்துக்கு உரியது. உலகின் பெரும்பாலான சர்ஃபிங் பள்ளிகளில் முதல் வகுப்பில் பயிற்றுநர் பலகையைப் பிடித்து அலைக்குள் தள்ளிவிடுகிறார். மாணவர் எழுந்து நிற்கிறார், படம் எடுக்கப்படுகிறது, மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை. அதுதான் பலரைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் விளையாட்டின் பாதி நேரத்தை விழுங்கும் திறனை மாணவர் தொடவே இல்லை. தள்ளிவிட ஆளில்லாத மூன்றாம் நாள், தன்னால் எதுவும் முடியவில்லை என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். தள்ளிவிடும் கைகள் சில அலைகளுக்குப் பிறகு விலகி நின்று, ஒரே ஓர் அலையையாவது மாணவர் தன் கையால் பிடிக்கக் காத்திருக்க வேண்டும்.

கையின் பாடத்தைவிடக் கண்ணின் பாடம் இன்னும் புறக்கணிக்கப்படுகிறது. அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. இடையில் கடல் ஓய்கிறது. அந்த ஓய்வில் புறப்படுபவர் பாதி உழைப்பில் வெளியே போய்விடுகிறார். கரைக்கு வந்த நீர் திரும்பிச் செல்லும் தடத்தில் அலை குறைவாக உடைகிறது. நீரோட்டத்தை அறிந்தவருக்கு அது ஏறு பாதை, அறியாதவருக்கு உயிராபத்து. இலங்கையின் அறுகம்பேயில் முனையைச் சுற்றி அலை நீளமாக ஓடுகிறது. சறுக்கி முடித்தவர் பலர் கரையேறி மணலில் நடந்துபோய் முனையருகே மீண்டும் இறங்குகிறார்கள். துழாவலை மேம்படுத்தும் வழிகளில், எப்போது துழாவக் கூடாது என்று அறிவதும் ஒன்று.

தமிழகக் கரையில் இந்த அறிவுக்குப் பஞ்சமில்லை. அலை உடையும் வரிசையைக் கட்டுமரத்தில் தாண்டிச் சென்ற தலைமுறைகள் இங்கே வாழ்ந்தன. எந்த அலையை விட வேண்டும், எந்த இடைவெளியில் துடுப்புப் போட வேண்டும் என்பது அவர்களின் அன்றாடக் கணக்கு. கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவர் குடும்பத்திலிருந்து வந்தவர். அந்தக் கரையின் சர்ஃபர்கள் பலரும் மீனவக் குப்பங்களின் பிள்ளைகள். நகரத்திலிருந்து வரும் மாணவருக்கும் அவர்களுக்கும் உள்ள முதல் வேறுபாடு கைவீச்சு என்று நான் கருதவில்லை. அவர்கள் பலகையைத் தொடும் முன்பே கடலைப் படித்திருக்கிறார்கள். அந்தப் படிப்பை வகுப்பின் முதல் பாடமாக்கும் வாய்ப்பு நம் கரைக்கு வேறு எந்தக் கரையையும்விடக் கூடுதலாகவே இருக்கிறது. பலகை தொடுவதற்கு முன் கால் மணி நேரம் மணலில் நின்று கடலைப் பார்க்கவைத்தால் போதும், அதைத் தொடங்கிவிடலாம்.

எதை எடுத்துக்கொள்வது

குளம் தந்ததில் நன்றியோடு வைத்துக்கொள்ள வேண்டியவை: அமைதியாக நுழையும் கை, முன்கையோடு சேர்ந்த பற்று, விளிம்பை ஒட்டிய நேரான இழுப்பு, தளர்ந்த விரல்கள், பொறுமையான நீண்ட வீச்சு. விட்டுவிட வேண்டியவை: வளைவு இழுப்பு, மட்டுமீறிய உயர் முழங்கை, இடுப்போடு உருளுதல், கடிகாரமே அளவுகோல் என்னும் எண்ணம். நாமே சேர்க்க வேண்டியவை: பலகைமேல் சரியான படுக்கை, உடலுக்கு ஏற்ற பலகை, முதுகுக்கு ஓய்வு, தோளின் பின்தசைகளுக்கு உழைப்பு, அலையின் ஒழுங்கைப் படிக்கும் கண்.

வரிசையும் முக்கியம். முதலில் பலகை, பிறகு படுக்கை, பிறகு இடமும் நேரமும், அதன் பின்னர் கைவீச்சு, கடைசியில் வேகம். பெரும்பாலான பாடங்கள் இதைத் தலைகீழாகத் தொடங்குகின்றன. அதனால்தான் உழைப்பாளிகளான மாணவர்கள்கூடத் தோற்றதாக உணர்கிறார்கள். கைத்துழாவல் நீச்சலின் ஒரு கிளை என்று எண்ணும்வரை இந்த வரிசை திருந்தாது. பலகை, கடல், கை மூன்றும் சேர்ந்து இயங்கும் தனிக் கலை அது. அதைத் தனிக் கலையாகவே மதித்துக் கற்பிக்கும் பள்ளியில், 20 வயதில் பலகை ஏறியவர் 60 வயதிலும் நல்ல தோளோடு கடலில் இறங்குவார். ஒரு பயிற்சிமுறையின் தரத்துக்கு இதைவிடக் கடுமையான, நியாயமான தேர்வு எனக்குத் தெரியவில்லை.